வண்டிச் சாவிக்கொத்தில் அக்காவின் கையெழுத்து

அக்காவின் கையெழுத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்தில். எங்கள் ஊராட்சி கிளர்க்கின் கொத்து அது. டீக்கடை மேசையில் அதைப் போட்டுவிட்டு அவர் வடை தின்றுகொண்டிருந்தார். வண்டிச் சாவி, பீரோ சாவி, ஊராட்சி ஆபீஸ் பூட்டின் சாவி, ஒரு பித்தளை வேல். இவற்றோடு கட்டைவிரல் நீளத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றும் தொங்கியது. பார்க்கிறவர்கள் பென்டிரைவ் என்று நினைப்பார்கள். அதன் முதுகில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, நீல மையில் 'பிரசிடெண்ட்' என்று எழுதியிருந்தது.

பிரசிடெண்ட் என் அக்கா. அந்தத் துண்டு என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அதை அந்தக் கொத்தில் பார்க்கப் பொறுக்கவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு ஒரே இடத்தில் முழுசாக ஒரு வருடம் இருந்ததில்லை. போர்வெல் லாரியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றினேன். ஓசூர்ப் பக்கம் கோழிப் பண்ணையில் இருந்தேன். அதியமான்கோட்டை பைபாஸ் ஓட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். கடைசியாகப் பெங்களூரில் டெலிவரி, அதையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தபோதுதான் அந்தக் கொத்தைப் பார்த்தேன். சில இடங்களில் சோறும் படுக்க இடமும் கிடைத்தன, சில இடங்களில் ஏதாவது ஒன்றுதான் கிடைத்தது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பெங்களூரில் நான் வேலை பார்த்த கடை இந்த நீலத் துண்டுகளைத்தான் விற்றது. டிஜிட்டல் கையெழுத்து. ஆடிட்டர்கள், காண்ட்ராக்டர்கள், கம்பெனி முதலாளிகள் வாங்குவார்கள். பாக்கெட்டை உரியவர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும். மனைவி வந்து கேட்டாலும் தரக்கூடாது. என்னோடு வேலை செய்த ஒருவன் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தான் என்று அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள்.

"பாக்கெட்டுக்குள்ள அப்படி என்ன மேடம் இருக்குது?" என்று கடைக்கார அம்மாவைக் கேட்டேன். அவர் கன்னடக்காரர். எனக்காகத் தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார்.

"நோடப்பா, இதுக்குள்ள ஒரு சாவி இருக்கு. அதுக்கு ஜோடிச் சாவி ஒண்ணு வெளியில இருக்கு. உள்ள இருக்கறது வெளிய வரவே வராது. வெளிய இருக்கறத யார் வேணா வாங்கிக்கலாம்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டும் ஜோடி. ஒன்றால் பூட்டியதை மற்றதால்தான் திறக்க முடியும், பூட்டிய சாவியே அதைத் திறக்காது. எனக்கு மட்டும் தெரியும்படி யாராவது சேதி அனுப்ப வேண்டுமென்றால், எல்லோருக்கும் பொதுவான என் சாவியால் அதைப் பூட்டி அனுப்பலாம். வழியில் எவன் பிடித்தாலும் கிறுக்கலாகத்தான் தெரியும். என்னிடம் இருக்கும் தனிச் சாவி மட்டும்தான் அதைப் படிக்கும்படி ஆக்கும். கையெழுத்து இதற்கு நேரெதிர். பில்லைக் கம்ப்யூட்டர் ஒரு நீளமான எண்ணாகச் சுருக்கும். தனிச் சாவி அந்த எண்ணைப் பூட்டும். பொதுச் சாவியால் திறக்கிறவனுக்கு அதே எண் கிடைத்தால், பூட்டியது இந்தத் துண்டுதான், பில்லில் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று உறுதி. உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் வெளியில் இருக்கும் சாவியை வைத்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாதாம்.

எங்கள் ஊரில் அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. "குடுங்கம்மா" என்று கேட்டால் போதுமாக இருந்தது.

எங்கள் ஊர் சித்தேரி மலைக்குக் கீழே, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து டவுன் பஸ் வந்து திரும்புகிற இடம். ஊர் ஒரு பக்கம், எங்கள் காலனி ஒரு பக்கம், நடுவில் மரவள்ளிக் காடு. ஊர் டேங்குக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. காலனிக்குப் பழைய போர் தண்ணீர்தான். அதைக் குடித்து வளர்ந்த எங்கள் பற்களெல்லாம் பழுப்புக் கோடு விழுந்தவை. பெங்களூரில் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "குட்கா போடுவியா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். வாயை மூடிச் சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த முறை தலைவர் பதவி எங்கள் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அக்கா பத்தாவது படித்தவள். நூறு நாள் வேலையில் ஆட்களுக்கு வருகை எடுத்தவள். நின்றாள், ஜெயித்தாள். ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் நின்றாள். ஊர் டேங்கிலிருந்து காலனிக்குக் குழாய் வர வேண்டும். ஓட்டுக் கேட்ட இடத்தில் அதை மட்டும்தான் சொன்னாள். துணைத்தலைவர் ஊர்ப்பக்கத்துக்காரர், நிலபுலன் உள்ளவர். என் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அவருடைய காட்டில்தான் வேலை செய்கிறார். மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பணம் வெளியே போக இருவர் கையெழுத்து வேண்டும், தலைவருடையது ஒன்று, துணைத்தலைவருடையது ஒன்று. துணைத்தலைவரின் நீலத் துண்டு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

டீக்கடையில் கொத்தைப் பார்த்த அன்றைக்கே அக்காவைக் கேட்டேன்.

"அவன்கிட்ட எதுக்குக்கா குடுத்த?"

"நானா போயி குடுத்தன்? தருமபுரியில ட்ரெயினிங் வெச்சாங்க. மேடையில ஒருத்தரு, புருசனா இருந்தாலும் குடுக்கக் கூடாதுன்னு அத்தன தடவ சொன்னாரு. வெளிய வந்தா வராந்தாவுல கிளர்க்குங்க வரிசையா நிக்கறாங்க. கோயில்ல செருப்பு வாங்கற மாதிரி ஆளாளுக்குக் கைய நீட்டறாங்க. முன்னாடி போன பொம்பளைங்க எல்லாம் குடுத்துட்டுப் போறாங்க. நான் மட்டும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்க முடியுமா?"

"பின் நம்பரு?"

"அவரு வண்டி நம்பருதான். ஞாபகத்துல இருக்குமாம்."

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். கிளர்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். இவர் விவரம் தெரியாதவர் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்.

"பிரைவேட் கீ, பப்ளிக் கீ, எல்லாம் தெரியும் தம்பி. எனக்கே க்ளாஸ் எடுக்கறியா?" என்று சிரித்தார். "உங்கக்காவுக்கு மவுசு புடிக்கத் தெரியுமா? சர்வர் வரும் போவும். மணிக்கணக்கா உக்காரணும். அவங்க சமைக்கறதா, இங்க வந்து உக்காந்துக்கறதா? அவங்க கஷ்டத்த நான் சொமக்கறன்."

"துணைத்தலைவர் கஷ்டத்தையும் சொமக்கறதுதானே சார்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஊர் ஊரா சுத்தறவன் வந்த வழியே போயிடுவ. இங்க இருக்கப் போறது உங்கக்கா."

அதற்குச் சில மாதங்கள் கழித்து மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வேலைகளைப் பார்வையிட வந்தார். காலனிக்கு வந்து ஜீப்பை நிறுத்தி, செல்போனில் எதையோ திறந்து வைத்துக்கொண்டு அக்காவைக் கேட்டார்.

"பைப்லைன் எங்கம்மா?"

"எந்தப் பைப்லைனுங்க?"

"டேங்கிலேர்ந்து காலனிக்குப் போட்டது. வேல முடிஞ்சிதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டு பில் பாஸ் ஆயிருக்கு."

பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் குடத்தோடு நின்றவள், "மண்ணுக்குள்ள இருக்குதுங்க சார், நல்லா தோண்டிப் பாருங்க. கெடச்சா எங்களுக்கும் ஒரு வாய் குடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அவர் செல்போனை அவளிடம் காட்டினார். அவள் பெயர். பக்கத்தில் பச்சை டிக். கையெழுத்து சரியானது.

"நான் போடலீங்க."

"அம்மா, இது பேனாக் கையெழுத்து இல்ல, எவனோ எழுதிட்டான்னு சொல்றதுக்கு. உங்க சாவிய உங்க நம்பர் போட்டுத் தொறந்தாத்தான் இது வரும். கோர்ட்டே ஒத்துக்கும்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்த நீலத் துண்டு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. யாரும் அதை உடைக்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அக்காவின் சாவி பூட்டியது, அக்காவின் பொதுச் சாவி திறந்தது. நடுவில் அக்கா மட்டும்தான் இல்லை. அவள் ஒன்று கேட்டு ஜெயித்தாள். அந்த ஒன்றையே அவள் கையால் வேலை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதவி போகும், வழக்கும் வரலாம். 'காலனித் தண்ணிக் காசத் தின்னவ' என்ற பெயர் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, அதுவும் எங்கள் தெருவிலேயே.

மாமா, "வுடு. அவங்களே பாத்துக்குவாங்க. வம்பு வேணாம்" என்றார். அவர் குரலில் துணைத்தலைவர் காடு கேட்டது. அக்கா அவரைப் பார்க்காமலே, "எம்பேரு அவங்களுதா, பாத்துக்கறதுக்கு?" என்றாள்.

நான் பெங்களூர்க் கடைக்கு போன் போட்டேன்.

"ரத்து பண்ணலாமே. உங்கக்கா அவங்க மொகத்தக் காட்டி வீடியோவுல சொல்லணும்," என்றார் அந்த அம்மா. எங்கே எப்படிப் போட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

வேப்பமரத்தடியில் அக்காவை நிற்க வைத்து நான் செல்போனைப் பிடித்தேன். தன் பேரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். "என் சாவி என் கையில இல்ல. இனிமே அது போடற கையெழுத்து என்னுது இல்ல" என்றாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

சாவி செத்தது. திரும்பக் கடைக்காரம்மாவைக் கேட்டேன். "இதுக்கு முன்னாடி போட்டதெல்லாம்?"

"அது அப்படியே நிக்கும்ப்பா. இன்னிக்கு முன்னாடி எல்லாம் உங்கக்கா போட்டதுதான்."

அதற்கடுத்த வாரம் கிளர்க் வண்டியில் காலனிக்கே வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனையில் நின்று, தூய்மைக் காவலர் வேலை பார்க்கும் பெண்களைக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "சம்பளம் போவல. உங்க பிரசிடெண்டம்மா சாவிய ரத்து பண்ணிட்டாங்க. என்ன கேக்காதீங்க, அவங்கள கேளுங்க."

அவர்கள் வந்து கேட்டார்கள். கேட்டார்கள் என்றால், வாசலில் நின்று கத்தினார்கள். எங்கள் சொந்தக்காரப் பெண்கள். "ஊருக்காரன் கையில இருந்தப்ப மாசாமாசம் வந்துது. நம்மாளு கையில எடுத்ததும் நின்னுபோச்சு" என்றாள் ஒருத்தி. அன்றைக்கு அக்கா அடுப்பு மூட்டவில்லை. எனக்கு அந்தப் பெண்கள்மேல் கோபமில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாரே, அந்த முதுகின்மேல்தான்.

பிறகு ஒன்றிய அலுவலகத்தில் எல்லாத் தலைவர்களுக்கும் கூட்டம். கிளர்க்குகளோடு நானும் வராந்தாவில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. ஒன்றிய அதிகாரி, பேர் சொல்லாமல் அக்காவைத்தான் பேசினார்.

"டி.எஸ்.சி.ய, அதான் அந்தக் கையெழுத்துச் சாவிய, யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல சொன்னமா இல்லையா? குடுத்தது தப்பு. குடுத்துட்டு, நான் போடலன்னு சொல்றது அதவிடத் தப்பு."

இப்படி ஒரு கணக்கு. போட்டேன் என்றாலும் அவள் குற்றவாளி, போடவில்லை என்றாலும் அவள் குற்றவாளி. வாங்கியவனுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

அக்கா எழுந்தாள். 

"சார், நான் குடுத்தது தப்புதானுங்க. ஒத்துக்கறன். இங்க இருக்கற பிரசிடெண்டுங்க எல்லாரும் அவங்கவங்க சாவிய எடுத்து இப்பவே மேச மேல வைக்கச் சொல்லுங்க சார்."

முன்வரிசையில் சில ஆண்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார்கள். பெண்கள் யாரும் அசையவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நின்றோம். என் பக்கத்தில் நின்ற கிளர்க்குகள் தரையைப் பார்த்தார்கள்.

எல்லாம் தெரிந்துபோயிற்று, இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

"டீ வந்திருக்கு. குடிச்சிட்டு வாங்க, மிச்சத்தப் பேசலாம்" என்றார் அதிகாரி.

டீ நேரத்தில் வராந்தா முழுக்கச் சாவிக்கொத்துச் சத்தம். கிளர்க்குகள் வளையத்தை நகத்தால் பிரித்து நீலத் துண்டுகளைக் கழற்றினார்கள். ஒருவருக்குக் கழற்ற வரவில்லை, பல்லால் கடித்தார். அவரவர் தலைவரைத் தேடிப்போய், கையில் திணித்தார்கள். "இந்தாம்மா, சீக்கிரம் புடிங்க." எங்கள் கிளர்க் அக்காவிடம் வந்து, "செத்ததுதான். வெச்சிக்குங்க" என்று கொடுத்தார்.

திரும்ப உள்ளே போனபோது அக்காவுடையதைத் தவிர எல்லாச் சாவிகளும் மேசைமேல் இருந்தன. "இருக்குதில்ல? அப்புறம் என்ன?" என்றார் அதிகாரி.

அக்கா தன்னுடையதை நீட்டினாள். "இத்தன நாளு இது எங்கிட்ட இல்ல சார். பின் நம்பரு அவரு வண்டி நம்பரு. ஸ்டிக்கர்ல எழுதியிருக்கறதும் அவரு எழுத்துதான். பாருங்க."

அதிகாரி வாங்கிப் பார்த்தார். வேறு யாரிடமோ அடுத்த மாதக் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, கட்டைவிரல் நகத்தால் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டினார். முழுசாகச் சுரண்டி, உருட்டி, கீழே போட்டுவிட்டு, சாவியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பார்த்தேன். அவரை அடித்திருந்தால் இன்றைக்கு நான் ஜெயிலில் இருப்பேன். அடிக்கவில்லை. கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்தது. வெளியே வந்த பெண்கள் கிளர்க்குகளிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் மிரட்டவில்லை. கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கை நீண்டது, கொடுத்தார்கள். டீ டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. பக்கத்து ஊராட்சியிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா மட்டும் கொடுக்காமல் சுருக்குப் பையில் போட்டு இறுக்கினார்.

"என்னம்மா, நாளைக்கு பில்லு போடணும்ல?" என்றார் அவருடைய கிளர்க்.

"நாளைக்கு நானே வர்றன். நாற்காலி போட்டு வையி."

அவ்வளவு பேரில் அவர் ஒருவர்.

அக்காவின் விசாரணையில் உத்தரவு வந்தது. கையெழுத்துச் சாவியைப் பாதுகாக்கத் தவறியதால், பணம் விடுவிக்கும் அதிகாரம் அவளிடமிருந்து எடுக்கப்படுகிறது. கிளர்க் நிர்வாகக் காரணங்களுக்காக ஒகேனக்கல் பக்கம் உள்ள வேறு ஊராட்சிக்கு மாற்றப்படுகிறார். அங்கேயும் ஒரு பெண் தலைவர்தான். நான் வாசித்தேன், அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொழா போடலன்னு எழுதியிருக்காங்களா?"

"இல்லக்கா."

"துணைத்தலைவர் கையெழுத்துப் போட்டாருன்னு?"

"இல்ல."

"எம்பேரு மட்டும் இருக்குது."

"ம்."

உத்தரவை என் கையிலிருந்து வாங்கி மடித்தவள், "தருமபுரிப் பெரிய ஆபீசருக்கு எழுது" என்றாள். நான் எழுதினேன். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். சாவியை யார் வாங்கினார், எந்த வராந்தாவில் வாங்கினார், துணைத்தலைவர் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், குழாய் எங்கே என்று எழுதினோம். தருமபுரிக்கு பஸ் ஏறினோம்.

பெரிய அதிகாரி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிய தபால்ல குடுத்துட்டுப் போங்க" என்றார், தலை நிமிராமல்.

"இன்னும் கையெழுத்துப் போடலீங்க."

"போட்டுட்டுக் குடுங்க."

"நீங்க பாக்கணும் சார்."

"என்னம்மா?"

"நான் போடறத நீங்க பாக்கணும். நாளைக்கு நான் போட்டனா போடலையான்னு உங்களுக்குத் தெரியணும்ல?"

பியூன் உள்ளே வந்து, "வாங்கம்மா, வாங்க" என்று அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். அக்கா நகரவில்லை. காகிதத்தை அவருடைய மேசைமேல், கண்ணாடிக்கு மேல் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். காத்திருந்தாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த ஆள் கடைசியில் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்துக்குங்க" என்றாள் அக்கா. ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி, தன் பெயரை எழுத ஆரம்பித்தாள்.